ஆடியில் எவன் கல்யாணம் வைப்பான்? 35 வருடம் கழித்து நடந்த ஒரு பத்தாம் வகுப்பு சந்திப்பு

எங்கள் பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவில் மொத்தம் 43 பேர். 1989-ல் பொதுத்தேர்வுக்கு முன்னால் எடுத்த குரூப் போட்டோவில் இருப்பது 34 தலைகள். மீதி ஒன்பது பேர் எங்கே என்று 35 வருடமாக யாரும் கேட்டதில்லை, நானும்தான். 2024 ஜூலை 28 அன்று நாங்கள் நடத்திய சந்திப்பு ரொம்ப நன்றாக நடந்தது என்றுதான் வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள், வீடியோ இருக்கிறது, அழுதவர்கள்கூட இருக்கிறார்கள். அப்புறம் கணக்கை முடிக்க நோட்டை எடுத்து உட்கார்ந்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். வசூல் பார்த்தது நான், பட்டியல் போட்டது நான், மண்டபம் பேசியதும் நான். அதனால் இதில் வரும் தப்புகளில் பாதிக்கு மேல் என் கணக்கில் வரும்.

ஊர் சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில். கரிசல் காடு, மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டிய மண். வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டுவார்கள், வகுப்பில் பாதிப் பேர் விரலில் பசை காய்ந்த தடம் இருக்கும். அரசுப் பள்ளி, பையன்களும் பெண்களும் சேர்ந்து படித்தோம். சேர்ந்து படித்தோம் என்றால் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான். 15 பெண்களில் ஒருவரிடம்கூட நான் மூன்று வருடத்தில் ஒரு முழு வாக்கியம் பேசியதாக ஞாபகம் இல்லை.

ஆளைத் தேடிய கதை

2023 தீபாவளிக்கு ஊருக்கு வந்த நான்கு பேர் டீக்கடையில் உட்கார்ந்து தொடங்கிய வாட்ஸ்அப் குழு இது. பெயர்ப் பட்டியல் வேண்டுமே என்று பள்ளிக்குப் போனோம். பள்ளியில் சேர்க்கைப் பதிவேட்டை நிரந்தரமாக வைத்திருப்பார்கள், ஆனால் வெளி ஆளிடம் தூக்கிக் கொடுக்க மாட்டார்கள், அது நியாயம்தான். தலைமையாசிரியர் பக்கத்தில் உட்கார வைத்து, பெயரையும் பிறந்த தேதியையும் மட்டும் வாசிக்கச் சொல்லி எழுதிக்கொள்ள விட்டார். 43 பெயர், ஒவ்வொன்றின் முன்னாலும் அப்பாவின் இனிஷியல்.

அந்த இனிஷியல்தான் முதல் சிக்கல். பையன்களுக்கு அது மாறாது, யார் மகன் என்று ஊரில் விசாரித்தால் ஒரு மணி நேரத்தில் நம்பர் கிடைத்துவிடும். பெண்களுக்கு கல்யாணம் ஆனதும் இனிஷியல் கணவர் பெயருக்கு மாறிவிடுகிறது, ஊரும் மாறிவிடுகிறது, ஃபேஸ்புக்கில் தேடினால் ஒரே பெயரில் முந்நூறு செல்விகள் வருகிறார்கள், அதில் பாதிப் பேர் படத்துக்கு ரோஜாப்பூவோ பேரக்குழந்தையோ வைத்திருக்கிறார்கள். அப்படியே நம்பர் கிடைத்தாலும் அது வீட்டுக்காரர் நம்பராக இருக்கும். "யார் பேசுறது? எந்த ஊரு? என்ன விஷயம்?" என்ற மூன்று கேள்வியைத் தாண்டி எங்களில் ஒருத்தனாலும் போக முடியவில்லை. ஒரு வீட்டில் என்னை லோன் கம்பெனிக்காரன் என்று நினைத்துத் திட்டினார்கள். நான் வங்கியில் வேலை பார்ப்பவன், அதனால் பெரிதாக மறுக்கவும் முடியவில்லை.

இதைத் தீர்த்தது எங்கள் வகுப்பில் படித்து இப்போது அங்கன்வாடியில் வேலை பார்க்கும் ஒரு பெண். அவர் போனை எடுத்தால் தொடக்கமே வேறு மாதிரி இருக்கும். "அண்ணே, நான் உங்க வீட்டுக்காரம்மாகூடப் பத்தாவது படிச்சவ. அவ இருக்காளா? இல்ல, ஒண்ணும் இல்லண்ணே, வெண்டைக்காய்ச் செடி நல்லா வருதா?" வெண்டைக்காய்ச் செடி எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, ஆனால் 15 பேரில் 13 பேரைக் கண்டுபிடித்தது அவர்தான். சந்திப்பு நடத்த நினைப்பவர்களுக்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்: பெண்களைக் கூப்பிடப் பெண்களே பேச வேண்டும், அதுவும் முதல் நாளிலிருந்தே. நாங்கள் அதை ஐந்து மாதம் கழித்துத்தான் செய்தோம்.

ஜூலைக்குள் நிலவரம் இது. நான்கு பேர் இறந்துவிட்டார்கள். மூன்று பேரைப் பற்றி ஒரு துப்பும் இல்லை. மீதி 36 பேரிடம் பேசியாகிவிட்டது.

நடுவில் ஒரு வேடிக்கை. குழுவில் பிறந்தநாள் வாழ்த்து சொல்லலாம் என்று பதிவேட்டில் உள்ள தேதிகளை எழுதி வந்திருந்தேன். மே மாதத்தில் மட்டும் 19 பேருக்குப் பிறந்தநாள். எல்லாம் ஒண்ணாம் வகுப்பு வாத்தியார் வைத்த தேதி. தலைக்கு மேலே கையைச் சுற்றிக் காதைத் தொடச் சொல்வார், தொட்டுவிட்டால் ஐந்து வயது, ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து முடிந்திருக்கிற மாதிரி ஒரு மே தேதியைப் போட்டுவிடுவார். இப்போது அந்தத் தேதியை வைத்துத்தான் எல்லோரும் ஓய்வு பெறப்போகிறோம். முதல் மே மாதத்தில் கேக் படங்களாக வந்து குவிந்ததில் குழுவை மியூட் செய்தவர்கள் அதிகம்.

பணம்

தலைக்கு 2,000 ரூபாய் என்று முடிவு செய்தோம். குடும்பத்தோடு வரலாம், சாப்பாடு, ஆசிரியர்களுக்குப் பொன்னாடை, ஷீல்டு, போட்டோ எல்லாம் அதில் அடங்கும். 2,000 ஒரு பெரிய தொகையாக அப்போது யாருக்கும் தோன்றவில்லை. யாருக்கும் என்று எழுதிவிட்டு நிறுத்திப் பார்க்கிறேன், அந்த முடிவை எடுத்தது ஆறு பேர்: இரண்டு ஆசிரியர்கள், ஒரு வங்கி ஊழியர், ஒரு மருந்துக்கடை முதலாளி, பெங்களூரில் ஐடி வேலையில் ஒருவர், துபாயில் ஒருவர். ஆறு பேருமே குரூப் போட்டோவில் இருப்பவர்கள்.

வசூலுக்கு எல்லாக் குழுக்களிலும் செய்கிற அதே வேலையைத்தான் செய்தேன். பணம் கட்டியவர்கள் பட்டியலை வரிசை எண் போட்டுக் குழுவில் போடுவது, அடுத்து கட்டுகிறவர் அதைக் காப்பி செய்து கீழே தன் பெயரைச் சேர்ப்பது. துபாய்க்காரர் 50,000 போட்டார். உடனே அவர் பெயரை மேலே ஏற்றி, கை கூப்பும் படம் மூன்று சேர்த்தேன். அடுத்து ஒருவர் 10,000, இன்னொருவர் 5,000. ஏழாவது பெயரிலிருந்துதான் 2,000 தொடங்கியது. தினமும் இரவு ஒன்பது மணிக்கு அந்தப் பட்டியலைப் போட்டேன், "இன்னும் கட்டாத நண்பர்கள் விரைந்து செலுத்தவும்" என்று வங்கியில் எழுதுகிற மாதிரியே ஒரு வரியும் சேர்த்து.

நாள் பார்த்ததும் நான்தான். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, மண்டபம் எல்லாம் சும்மா பூட்டிக் கிடக்கும், வாடகையில் பாதிக்குப் பாதி குறைப்பார்கள். ஆகஸ்ட் 4 ஞாயிறு ஆடி அமாவாசை, சிலர் ராமேஸ்வரம் போவார்கள், அதனால் அதற்கு முந்தைய ஞாயிறு. ரொம்பப் புத்திசாலித்தனமாகச் செய்ததாக நினைத்துக்கொண்டேன்.

கடைசி வாரத்தில் வரமுடியாது என்று சொன்னவர்களின் காரணங்களை நோட்டில் குறித்து வைத்திருந்தேன். உடம்பு சரியில்லை இரண்டு, லீவு கிடைக்கவில்லை மூன்று, மகள் பிரசவம் ஒன்று, இப்படி. அதில் மூன்று பேர் சொன்னது: "அன்னைக்கு ஒரு கல்யாணம் இருக்கு." ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதற்காகவே அந்தத் தேதியை எடுத்த நான் அதை அப்படியே எழுதிக்கொண்டு, "சரி, பரவால்ல" என்று சொல்லி மூன்று முறை போனை வைத்திருக்கிறேன்.

அன்றைய நாள்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் எல்லாச் சந்திப்பும் ஏறக்குறைய இப்படித்தான். வாசலில் ஃபிளெக்ஸ், அதில் துபாய்க்காரர் படம் மற்றவர்கள் படத்தைவிட நான்கு மடங்கு. வந்தவர்கள் 24 பேர், குடும்பத்தோடு சேர்த்து அறுபதுக்கு மேல். முதல் ஒரு மணி நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் உற்றுப் பார்த்து, தொப்பையையும் வழுக்கையையும் கழித்துவிட்டுப் பழைய முகத்தைக் கண்டுபிடிக்கிற வேலை. ஏழு பெண்கள் வந்திருந்தார்கள். அதில் ஒருவர் எங்கள் எல்லோரையும் "அண்ணே" என்று கூப்பிட்டார், கணவர் பக்கத்தில் நிற்கும்போது அதுதான் பாதுகாப்பு. 51 வயதில் 51 வயதுக்காரி அண்ணே என்று கூப்பிட்டதில் மருந்துக்கடைக்காரன் மனம் உடைந்து போனான், சாயங்காலம் வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தான். பையன்கள் எங்களுக்குள் ஐந்து நிமிடத்தில் "லே"க்கு வந்துவிட்டோம். பெண்களிடம் கடைசி வரை "நீங்க"தான், அவர்களும் அப்படியே.

பேச்சு எங்கே சுற்றினாலும் 1987 டிசம்பர் 24-ல் வந்து நின்றது. எம்.ஜி.ஆர். இறந்த நாள், நாங்கள் ஒன்பதாம் வகுப்பு. பஸ் இல்லாமல் எட்டு மைல் நடந்தவன், ரேடியோவில் சோக இசை கேட்டுப் பாட்டி அடுப்பை அணைத்தது, எல்லோரிடமும் ஒரு கதை இருந்தது. பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலம்தான் பின்னாளில் மனிதர்களுக்கு அதிகமாக ஞாபகம் இருக்கும் என்று உளவியல்காரர்கள் சொல்வார்கள். எங்களுக்கு அந்த இருபது வருடத்துக்குள் ஒரு நாள் மட்டும் எல்லோருக்கும் பொதுவாகக் கிடைத்திருக்கிறது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் கணக்கு சாரை மேடையில் உட்கார வைத்து வருகைப்பதிவு எடுத்தோம். 80 தாண்டியவர், குரல் மட்டும் அப்படியே இருந்தது. அவர் பெயரை வாசிக்க, "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வேண்டும். நான் கொடுத்த தாளில் 43 பெயரும் இருந்தன. இறந்தவர்கள் பெயரை அடிக்க வேண்டும் என்று தோன்றவேயில்லை. முதல் அப்படியொரு பெயர் வந்ததும் மண்டபம் சட்டென்று அமைதியானது, சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அதைச் சமாளிக்கிற மாதிரி அடுத்து வராத ஒருவன் பெயர் வந்தபோது பின்னாலிருந்து யாரோ, "அவன் எப்பவுமே வரமாட்டான் சார்" என்று கத்த, எல்லோரும் சிரித்தோம். அதற்கப்புறம் வராத ஒவ்வொரு பெயருக்கும் அதே வாக்கியம், அதே சிரிப்பு. வீடியோ எடுத்தவர் அன்று ராத்திரியே குழுவில் போட்டார். மறுநாள் காலையில் மூன்று பேர் "வெளியேறினார்".

கணக்கு

ஆகஸ்டில் வரவு செலவை முடித்து, வந்தவர்கள் வராதவர்கள் என்று எழுதிக்கொண்டிருந்தபோது குரூப் போட்டோ மேசையில் இருந்தது. சும்மா, விளையாட்டாக, வந்தவர்களை அந்தப் போட்டோவில் ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தேன். 23 பேர் இருந்தார்கள். ஒருவர் மட்டும் இல்லை. அப்புறம் வராத 12 பேரைத் தேடினேன். ஆறு பேர் போட்டோவில் இருக்கிறார்கள், ஆறு பேர் இல்லை.

இதைப் பிரித்து எழுதினால் இப்படி வருகிறது. போட்டோவில் இருக்கும் 34 பேரில் நாங்கள் பேசிய 29 பேரில் 23 பேர் வந்தார்கள். போட்டோவில் இல்லாத ஒன்பது பேரில் நாங்கள் பேசியது ஏழு பேரிடம், வந்தது ஒருவர்.

அந்தப் போட்டோவுக்குத் தலைக்கு 12 ரூபாய் வாங்கினார்கள். காசு கொடுத்தவர்கள் மட்டும் நிற்கலாம், அதுதான் விதி. வகுப்புத் தலைவன் என்ற முறையில் அந்த 12 ரூபாயை வசூல் செய்து பட்டியல் எழுதிக் கொடுத்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

கூட்டம் சின்னது, இதை வைத்து ஊருலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. வராதவர்களில் உண்மையிலேயே லீவு கிடைக்காதவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் மூன்று கல்யாணமும் போட்டோவில் இல்லாதவர்களுடையது. கிறிஸ்தவ வீட்டுக் கல்யாணமாக இருக்கலாமே, அவர்களுக்கு ஆடி கிடையாதே என்று மனைவி கேட்டாள். இருக்கலாம். அதைப் போனிலேயே கேட்டிருக்கலாம்.

இஸ்திரி வண்டி

கல்யாணம் என்று சொன்ன மூன்று பேரில் ஒருவன் கோவில்பட்டியில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறான். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை மதுரையிலிருந்து போனேன். புங்கமரத்தடியில் வண்டி, கரிப்பெட்டி இல்லை, இப்போது கேஸில் ஓடுகிற பெட்டி. என்னைப் பார்த்ததும் கையை நிறுத்தவில்லை. வண்டியில் ஒரு வெள்ளைச் சட்டையை விரித்துப் போட்டிருந்தான். காலரை உள்பக்கம் திருப்பி ஒரு இழுப்பு, வெளிப்பக்கம் ஒரு இழுப்பு, அப்புறம் தோள்பட்டை, தண்ணீரை இடது கையால் விசிறிவிட்டு வலது கையால் பெட்டியைத் தள்ளிக்கொண்டே பேசினான். அரை மணி நேரத்தில் ஏழு சட்டை முடிந்தது.

"அன்னைக்கு ஏம்லே வரல?"

"அதான் சொன்னேன்ல, ஒரு கல்யாணம்."

"ஆடி மாசம் எவம்லே கல்யாணம் வைப்பான்?"

சிரித்தான். "இத அன்னைக்குப் போன்ல கேப்பேன்னு பாத்தேன். நீ கேக்கல. சரி பரவால்லன்னு வச்சிட்ட."

2,000 ரூபாய் பிரச்சினையா என்று கேட்டேன். இல்லையாம். "ரெண்டாயிரம் என்ட்ட இல்லாம இல்ல. மேல ஐம்பதாயிரம், அதுக்குக் கீழ பத்தாயிரம், அதுக்கெல்லாம் கீழ எம் பேர நானே எழுதணும். தினமும் ராத்திரி ஒம்போது மணிக்கு அது வந்து நிக்கும். எம் மக பாத்துட்டு, அப்பா உங்க பேரு எங்கன்னு கேட்டா. அன்னைக்கே கல்யாணம்னு முடிவு பண்ணிட்டேன்."

வீடியோவையும் பார்த்திருக்கிறான். கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் பெட்டியை ஸ்டாண்டில் வைத்துவிட்டுத்தான் சொன்னான். "எப்பவுமே வரமாட்டான்னு ஒருத்தன் சொல்றான், எல்லாரும் சிரிக்கீங்க. லே, சத்துணவு போடுற பள்ளிக்கூடத்துக்கு நான் எதுக்குலே லீவு போடப் போறேன்?"

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. 1984-ல் சத்துணவைப் பதினைந்து வயது வரைக்கும் விரிவாக்கியபோது நாங்கள் ஆறாம் வகுப்பு. அதிலிருந்து மத்தியானம் வகுப்பு இரண்டாகப் பிரியும்: தூக்குவாளி கொண்டுவந்தவர்கள் புளியமரத்தடிக்கு, தட்டுக்காரர்கள் வரிசைக்கு. அவன் தட்டு வரிசை. ஐந்து வருடம் அவனோடு ஒரு நாளும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை நான். போட்டோ எடுத்த அன்று மட்டும் அவன் பள்ளிக்கு வரவில்லை என்றும், வீட்டில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்ததாகவும் சொன்னான். அதையும் சாதாரணமாகத்தான் சொன்னான். டீ வாங்கிக் கொடுத்தான், காசு கொடுக்க விடவில்லை.

அப்புறம் செய்தது

பட்டியலைக் குழுவிலிருந்து அழித்தேன், அழித்தால் யார் மனதிலிருந்தும் போகாது என்று தெரிந்தும். வெளியேறியவர்களை மறுபடி நானாகச் சேர்க்கவில்லை, அங்கன்வாடிக்காரரும் நானும் பிரித்துக்கொண்டு வீட்டுக்கே போனோம். அதில் ஒருவர் கதவைத் திறக்கவேயில்லை. மீந்த பணத்தில் பள்ளிக்கு ஆர்.ஓ. குடிநீர் இயந்திரம் வாங்கலாம் என்று பேச்சு வந்தது. யார் ஃபில்டர் மாற்றுவது என்று கேட்டேன், அதோடு அந்தப் பேச்சு நின்றது. முன்னாள் மாணவர்களும் மற்றவர்களும் உதவுவதற்கென்று அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் வழியாகப் பள்ளிக்குத் தேவையானதைப் பார்த்துச் செய்யலாம் என்று தலைமையாசிரியர் சொன்னார், யார் எவ்வளவு போட்டார் என்பது குழுவுக்குத் தெரியாது என்பதாலேயே எனக்கு அது பிடித்தது. துபாய்க்காரருக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த சந்திப்பை 2025 ஜனவரி 16, காணும் பொங்கல் அன்று வைத்தோம். வெளியூர் ஆட்கள் எப்படியும் ஊரில் இருப்பார்கள். மண்டபம் இல்லை, பள்ளிக்கூட மைதானத்தில் அதே புளியமரத்தடி. வசூல் இல்லை. கேனில் டீ, சாத்தூர் சேவு நான்கு கிலோ, கோவில்பட்டிக் கடலைமிட்டாய், எல்லாம் சேர்த்தும் ஜூலையில் ஷீல்டுக்கு மட்டும் ஆன செலவைத் தாண்டவில்லை. யாரையும் மேடையேற்றவில்லை, மேடையே இல்லை. 29 பேர் வந்தார்கள். போட்டோவில் இல்லாதவர்களில் ஜூலையில் வராத ஆறு பேரில் நான்கு பேர் வந்தார்கள். ஜூலையில் வந்தவர்களில் சிலர் இந்த முறை வரவில்லை, "என்னடா டீயும் சேவுமா" என்று ஒருவர் கேட்டதாகக் காதில் விழுந்தது. ஆக, எல்லோருக்கும் பிடித்த மாதிரி ஒன்றை நான் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

இஸ்திரிக்காரன் பதினொன்றரைக்கு வந்தான், மகளையும் கூட்டிக்கொண்டு. பழைய போட்டோவை எல்லோரும் கை மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகள் அதை வாங்கி அப்பாவைத் தேட ஆரம்பித்தாள். "அதுல தேடாத தாயி, அன்னைக்கு நான் நிக்கல" என்று சொல்லிவிட்டு டீ எடுக்கப் போனான். செல்போனில் புது போட்டோ எடுத்தபோது இரண்டாவது வரிசையில், எனக்கு நேர் பின்னால் நின்றான்.

குழுவுக்கு அவன் திரும்பவில்லை. அன்று ராத்திரி என் நம்பருக்குத் தனியாக அந்தப் போட்டோவை அனுப்பியிருந்தான், என் கழுத்துப் பக்கம் பெரிதாக்கிச் சிவப்பு வட்டம் போட்டு. கீழே ஒரு வரி: "காலர் மடங்கிக் கெடக்கு. அடுத்த தடவ வரும்போது சட்டையக் கொண்டாந்து குடு."